பிரெட் இல்லாத பேஸும் கப்பலுக்குப் போன மனுசனும்

வீட்டிலிருந்தபடியே பேஸ் கிற்றார் வாசித்து, ரெக்கோட் பண்ணி அனுப்புகிற தொழிலில் வாடிக்கையாளர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், விரலைப் பார்க்க மாட்டார். ஆனால் உங்கள் குசினியில் குழம்பு கொதிப்பது வரைக்கும் அவருக்குக் கேட்டுவிடும்.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் என்னைப் போன்ற பாவிகள் என்று தெரியாது. ஃபானை நிற்பாட்டி, யன்னலை அடைத்து, வேர்த்து விறுவிறுத்து, பாட்டு முடிகிற கடைசிச் சுரத்தில் விரலை வைக்கிற நேரம் பார்த்துக் காகம் கத்த, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்களையும் சாமானையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் றீற்றா. திருகோணமலையில் துறைமுகத்துப் பக்கம் வீடு. என் மனுசன் அன்ரனுக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. ஏறினால் முக்கால் வருசம், இறங்கினால் கொஞ்ச நாள். ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போனபிறகு வீட்டில் மிஞ்சுவது நானும், எங்கோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் அவர் வாங்கிவந்த பேஸ் கிற்றாரும்தான். கப்பல் வெளிக்கிடப் போகிறது என்ற அவசரத்தில் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினால் கழுத்தில் ஒரு பிரெட்டும் இல்லை. இன்ன சுரம் இன்ன இடம் என்று விரலுக்கு எல்லை காட்டுகிற அந்த உலோகக் கம்பிகளை முன்பு வைத்திருந்த யாரோ பிடுங்கிவிட்டு, பள்ளத்துக்கு மரப்பசை பூசியிருந்தார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் அவர் பேஸ், நான் பாட்டு. முதல் ஞாயிறு அவர் அதை வாசித்தபோது பாதர் பூசையை நிறுத்தி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அது அவருக்குப் பழகியது. அவர் கப்பலில் இருந்த காலங்களில் எனக்கும் பழகியது. பிரெட் இல்லாத பேஸில் விரல் மயிரிழை விலகினாலும் சுரம் விலகும். சரியாக விழுந்தால் மனிசர் பாடுகிற மாதிரி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலைக் கேட்டுத்தான் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எனக்கு ஆட்கள் வந்தார்கள்.

அலுமாரி

பேஸை நேரே கம்பியூட்டரில் செருகினால் சத்தம் சுத்தமாக வரும். ஆனால் அவித்த முட்டை மாதிரி, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. கொஞ்சம் உயிர் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் பெட்டியில் வாசித்து, அதற்கு முன்னால் மைக் வைக்க வேணும். எங்கள் வீட்டுச் சீமெந்துச் சுவரோ ஒன்றைச் சொன்னால் நாலாகத் திருப்பிச் சொல்லும். யோசித்துப் பார்த்து ஸ்பீக்கரைப் படுக்கையறை அலுமாரிக்குள் வைத்தேன். என் சேலைப் பக்கம் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அன்ரனின் பக்கம்தான் வாய்த்தது. சேர்ட்டுகளும், வெயில் கடல்தானே என்று விட்டுப்போன தடித்த ஜக்கெற்றும் எதிரொலியை அப்படியே விழுங்கிக்கொண்டன. மைக்கைக் கொஞ்சம் அரக்கி வைக்கவென்று கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவர் வாசம் முகத்தில் அடிக்கும். மைக்கை அரக்க மறந்து நிற்பேன்.

ஒருநாள் முன்னறையில் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பரீதா ராத்தா, தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தட்டோடு பின்கதவால் வந்திருக்கிறா. கூப்பிட்டிருக்கிறா, எனக்குக் கேட்கவில்லை. படுக்கையறையைத் தாண்டும்போது அலுமாரிக்குள்ளிருந்து சத்தம் வந்திருக்கிறது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறா. வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"புள்ள, மனுசன் ஊர்ல இல்லாத நேரம் அலுமாரிக்குள்ள ஆரப் பூட்டி வெச்சிருக்கீங்க? அந்த ஆளு மூச்சு முட்டி முனகுறாரு, தொறந்து விடுங்க."

மீன் சட்டி

பேஸின் தொனி பாதி விரலில் இருக்கிறது. கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டையாக வரும், பின்பக்கம் போகப்போக மூக்கால் பேசும். இது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று இருந்தது. காலையில் எழும்பினவுடன் விரல் நுனி காய்ந்து கிடக்கும். அப்போது மீட்டினால் ஒவ்வொரு அடியும் டக்கென்று தெறிக்கும். மத்தியானம் சட்டிபானை கழுவி முடிந்து தோல் ஊறியிருக்கிற நேரம் வாசித்தால் அதே கம்பி பஞ்சில் விழுந்த மாதிரி அடங்கிப் பேசும். ஆகவே தெறிக்கிற வேலைகளை விடியவும், அடங்கின வேலைகளை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்வேன்.

மட்டக்களப்பில் ஒரு தம்பி பாட்டுக்கு இசை போடுகிறவர். அவருக்கு இரண்டு நாள் வாசித்து அனுப்பியதில் இரண்டாவது நாள் சத்தம்தான் வேணும், என்ன செற்றிங் வைத்தீர்கள் என்று கேட்டார். தொழில் இரகசியத்தை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. "மீன் சட்டி கழுவினனான்" என்று எழுதி அனுப்பினேன். இணையம் முழுக்கத் தேடிக் களைத்துப்போய்த்தான் பதில் எழுதியிருக்க வேணும்:

"அக்கா, அது எந்தக் கொம்பனியின்ர சொப்ட்வெயார்? சும்மா டவுன்லோட் பண்ண ஏலுமோ, இல்லாட்டி காசு கட்ட வேணுமோ?"

ஐயா எங்கை?

கப்பல்துறை என்கிற ஊரில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். தங்கள் கோயில் அம்மனுக்குத் தானே பாட்டு எழுதி, தானே பாடியும் வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். அவருக்குப் பழைய காலத்துப் பக்திப் பாட்டுகளில் வருகிற, நிலத்தில் தேங்காய் விழுந்த மாதிரியான 'தொம்' வேணும். அதற்கு நான் சட்டி கழுவுகிற ஸ்பொஞ்சை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுவேன். நான் வெட்டிச் செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "வாசிக்கிற ஐயா எங்கை பிள்ளை?" என்றார். கப்பலில் என்றேன். "எப்ப வருவார்?" தை பிறந்து வருவார் என்றேன். "அப்ப நான் இண்டைக்கு வந்தது வீண்தானே?" என்று எழும்பிவிட்டார்.

அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஸ்பீக்கரை அலுமாரியிலிருந்து எடுத்து அவர் காலடியில் வைத்து வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் தலையாட்டத் தொடங்கினார். முடிவில் கண்ணைத் துடைத்தார். அம்மனே இறங்கி வந்தது போல இருந்தது என்றார். எனக்கும் உள்ளே குளிர்ந்துபோனது. வாசல்வரை போய்ச் செருப்பைப் போட்டவர் திரும்பி நின்று சொன்னார்:

"அருமையா வாசிச்சனீங்கள் பிள்ளை. எதுக்கும் ஐயா வந்தாப்பிறகு அவரிட்டயும் ஒருக்காப் போட்டுக்காட்டி, சரியோ எண்டு கேட்டுக்கொள்ளுங்கோ."

ஊதல்

கோதுமை ஏற்றி வருகிற கப்பல், சீமெந்துக் கப்பல், இடைக்கிடை கடற்படைக் கப்பல். எங்கள் துறைமுகத்துக்கு வருகிறவை இவ்வளவுதான். அன்ரனின் கப்பல் கொள்கலன் பெட்டி ஏற்றுகிற கப்பல். அது இங்கே வந்ததும் இல்லை, வரப்போவதும் இல்லை. லீவு கிடைத்தால் அவர் வேறெங்காவது இறங்கி, விமானத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில்தான் ஊருக்கு வருவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் காலுக்குத்தான் தெரியாது. கப்பல் ஊதினால் நான் எந்தச் சுரத்தில் நிற்கிறேனோ அந்தச் சுரத்திலேயே பேஸைக் கதிரையில் சாத்திவிட்டு யன்னலடிக்குப் போய்விடுவேன். போய் நின்றபிறகுதான் ஏன் போனேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

குறிஞ்சாக்கேணியில் நாஸிக் என்று ஒரு வீடியோக்காரத் தம்பி. கடலேரியான களப்பின்மேல் விடியற்காலையில் ட்ரோன் பறக்கவிட்டு ஒரு படம் எடுத்திருந்தார். அதற்குப் பின்னால் தனிப் பேஸ் மட்டும், நீண்டு நீண்டு வழுக்குகிற மாதிரி வேணுமென்றார். வாசிப்பின் கடைசியில் கப்பல் ஊதிவிட்டது. அவசரம் என்று அவர் பிடுங்கியெடுத்ததில், ஊதல் வருகிற இடத்தை வெட்டிவிடுங்கோ என்று சொல்லி அப்படியே அனுப்பினேன். அவர் வெட்டவில்லை. பின்னேரம் குரல்பதிவு ஒன்று வந்தது:

"அக்கா, அந்த ஹோர்ன் நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும். ஆனா அதுக்குப் பொறகு கதிர இழுபடுற சத்தமும் நீங்க ஓடுற சத்தமும் வருது, பொறகு ஒரு பெரிய மூச்சும் கேக்குது. அத மட்டும் எடுத்துத் தாங்க."

அது இல்லை

ரொறன்ரோவில் இருந்து ரமணன் என்று ஒருவர் எழுதினார். எங்கள் ஊர்ப் பிள்ளை, சின்னனில் போனவர், இப்போது அங்கே பாட்டுகளுக்கு இசை அமைக்கிறார். இணையத்தில் என் பக்கத்தில் மாதிரிக்கென்று சில துண்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். அதில் முதலாவது துண்டின் தொனிதான் தன் பாட்டுக்கு வேணும், வேறெதுவும் சரிவராது, இது வாய்த்தால் அந்த இசைத்தட்டு முழுக்க நீங்களே என்றார். மற்ற எல்லாத் துண்டும் நான் வாசித்தவை. அந்த முதல் துண்டு அன்ரன் வாசித்தது. போன லீவில் ஏதோ ஒரு நாள், நான் பார்க்காத நேரம் வாசித்துக் கம்பியூட்டரில் போட்டுவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். பிறகுதான் நான் கண்டெடுத்தேன். அவர் வாசித்ததில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பதற்காக முதலில் போட்டிருந்தேன்.

அதே பேஸ், அதே கம்பி, அதே அலுமாரி, ஒரு தொனியைத் திருப்பி எடுக்க ஏலாதோ என்று தொடங்கினேன். கழுத்துப் பக்கம் வாசித்தேன். பெருவிரலால் வாசித்தேன். ஸ்பொஞ்சை வைத்தேன், எடுத்தேன். சட்டி கழுவிவிட்டு வாசித்தேன், கழுவாமல் வாசித்தேன். அலுமாரிக்குள் இன்னும் இரண்டு போர்வையைத் திணித்தேன். பேஸிலும் ஸ்பீக்கரிலும் உள்ள குமிழ்களை எல்லாம் முறுக்கி, எது எங்கே இருந்தது என்றே மறந்துபோனேன். அன்ரனின் துண்டையும் என்னுடையதையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டால், என்னுடையதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது வேறு. உண்மையைச் சொன்னால், பாதிநேரம் ரமணனுக்காகத் தேடவில்லை. அந்தத் தொனி வந்தால் வீட்டில் அவர் இருக்கிற மாதிரி இருக்கும் என்றுதான் தேடினேன். ரமணன் நல்ல பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அதில ஆரோ காதுக்குப் பக்கத்தில வந்து மெல்லமாக் கதைக்கிற மாதிரி இருந்தது, நீங்கள் மேடையில நிண்டு கதைக்கிறியள்."

நடுக்கடலில் இருந்து

அன்ரனிடமே கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டேன். கப்பலில் இருக்கிற மனுசனிடம் கேள்வி கேட்பது கிணற்றில் வாளி போடுகிற மாதிரி; எப்போது மேலே வரும் என்று காத்திருக்க வேணும். கரை கண்டால்தான் அவருடைய தொலைபேசிக்கு உயிர் வரும். நாலு குரல்பதிவு அனுப்பிவைத்தேன். முதலாவதில் எந்தக் குமிழ் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டாவதில் மைக் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாவதில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். நாலாவதில், போதும், இந்த வேலையை விட்டுவிட்டு வாருங்கோ என்று சொன்னேன்.

பதில் வர ஒரு கிழமைக்கு மேலாயிற்று. பின்னால் இயந்திரம் இரைகிற சத்தத்தில் பாதி விளங்கவில்லை. முதல் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தார். நாலாவதற்கு இந்தமுறையும் சொல்லவில்லை.

"குமிழ் ஞாபகம் இல்லையப்பா, மைக்கும் ஞாபகம் இல்லை, சாப்பிட்டிட்டன். நான் வந்து வாசிச்சுத் தாறன், அதுவரைக்கும் அந்த ஆளைக் கதையில வச்சிரு."

வந்தார், வாசித்தார்

தை பிறந்து வந்தார். ஆளே மெலிந்து, கறுத்து, காதோரம் நரைத்துப்போய்ப் பஸ்ஸால் இறங்கினார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட கையோடு பேஸை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டேன். அவ்வளவு நாள் கழித்து வந்த மனுசனிடம் முதலில் செய்கிற வேலையா இது என்று பரீதா ராத்தா பிறகு பேசினா. எனக்கு அவர் வாசிக்கிறதைப் பார்க்க வேணும் போலிருந்தது. வாசித்தார். வரவில்லை. இயந்திர அறையில் ஸ்பானர் பிடித்துப் பிடித்து விரல் தடித்துப்போயிருந்தது. சுரத்துக்குக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே திரும்பத் தொடங்கினார், பிறகு சிரிக்கவில்லை. நான் வாசித்ததைப் போட்டுக் காட்டினேன். "இப்ப நீதான் பேஸ்காரி" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அழாமல் ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு பழைய துண்டைக் கேட்டார். நடுவில், "இது உனக்குச் சிக்குன்குனியா வந்த நேரமெல்லோ?" என்றார். போன முறை அவர் லீவில் நின்றபோதுதான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மூட்டு மூட்டாய்க் கழன்றுபோகிற நோவு, பல நாளாய் நித்திரை இல்லை. ஒரு மத்தியானம் மட்டும் அசந்து தூங்கியிருக்கிறேன். அவருக்கு வாசிக்கவும் ஆசை, என்னை எழுப்பவும் பயம். ஸ்பீக்கரை நான் படுத்திருந்த அறை அலுமாரியில் வைக்காமல் குசினி மூலைக்குக் கொண்டுபோய், சத்தம் வெளியே வராதபடி குறைத்து, மைக்கை அதன் வாயோடு ஒட்டி வைத்திருக்கிறார். நான் என்னவோ பெரிய வித்தை என்று குமிழ்களோடு மல்லுக்கட்டின காலமெல்லாம் கண்முன்னே வந்தது. வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வேறயொண்டும் செய்யேல்லை. நீ முழிச்சிடுவாய் எண்டு பயந்து பயந்து கம்பியைத் தொட்டனான், அவ்வளவுதான்."

மத்தியானம்

அவர் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை நண்டுக்கறி வைத்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறையில் சரிந்தார். கப்பலில் நித்திரையைத் துண்டு துண்டாய்க் கொள்கிற மனுசன். வீட்டில் அப்படித் தூங்குவதைப் பார்க்கவே எனக்குப் போதும். கதவைச் சாத்தாமல் ஸ்பீக்கரைக் குசினி மூலையில் வைத்தேன். மைக்கை ஒட்டி வைத்தேன். ரமணனின் பாட்டைக் காதில் போட்டுக்கொண்டு, கதவுக்குள்ளால் தெரிகிற அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே கம்பியைத் தொட்டேன். மீட்டவில்லை, தொட்டேன். எழும்பிவிடக் கூடாது. ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வழுக்கினேன். இவ்வளவு நாளும் நான் கம்பியிடம் அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது தன்பாட்டில் வந்தது. பாட்டு முடிந்துவிட்டது, நான் நிறுத்தவில்லை. அவர் திரும்பிப் படுக்கும் வரைக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் அந்த வீட்டில் இருந்து நெடுங்காலம். கப்பலால் வந்த மனுசன் பக்கத்து அறையில் தூங்கத் தூங்க வாசித்தது என்று எழுதி ரமணனுக்கு அனுப்பினேன். கேட்ட உடனேயே தொலைபேசியில் கத்தினார்: "இதுதான் அக்கா! இதேதான்! மற்றப் பாட்டுகளுக்கும் இப்பிடியே தாங்கோ!"

மாசி முடிவதற்கு முன்பே கப்பல் ஏஜென்ட் அழைத்தார். போகாதேங்கோ என்று இந்தமுறை நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னேன். குனிந்து பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே துறைமுகத்தில் வேலைக்குக் கேட்டுப் பார்த்ததாகவும், பிறகு பார்ப்போம் என்று அங்கே சொன்னதாகவும் சொன்னார். கொழும்பு பஸ் வெளிக்கிடும்போது யன்னலால் கையை நீட்டி, இதுதான் கடைசி என்றார். நான் ஓம் என்றேன்.

ரமணனின் அடுத்த பாட்டுக்கு உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் அதே குசினி மூலையில், மைக் அதே ஒட்டில், குமிழ்கள் ஒன்றும் அசையவில்லை. படுக்கையறைக் கதவையும் திறந்து வைத்தேன். உள்ளே ஆள் தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெல்லத் தொட்டேன். தலையணையைக்கூடப் போர்வைக்குள் நீளமாக வைத்துப் பார்த்தேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் மனதை ஏமாற்றினாலும் விரலை ஏமாற்ற ஏலாது, யாரும் எழும்பமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் அனுப்பினேன், கேட்கிறவருக்கு எங்கே வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரமணன் அழைத்தார். வழக்கம்போல நல்லாயிருக்கிறது என்று தொடங்கவில்லை. நேரே கேட்டார்:

"அக்கா, அண்ணை திரும்பவும் கப்பலுக்குப் போட்டாரோ?"

ஆக, சக பாவிகளே, எங்கள் தொழிலுக்கு வேண்டிய மற்ற எல்லாச் சாமானையும் கொழும்பில் சொல்லி எடுப்பிக்கலாம், பக்கத்து அறையில் தூங்குவதற்கு ஓர் ஆளை மட்டும் கப்பல் கொம்பனி லீவு கொடுத்து அனுப்பினால்தான் உண்டு.